சாதி நாயும் படகு நாயும்

லாப்ரடோர் நாய் லாப்ரடோரில் தோன்றியதல்ல. அது நியூபவுண்ட்லாந்துத் தீவின் நாய். லாப்ரடோர் என்பது அந்தத் தீவுக்கு வடக்கே, ஒரு ஒடுங்கிய நீரிணைக்கு அப்பால் கிடக்கிற பெருநிலம். நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் இங்கிலாந்துக்காரர். எங்களைக் கண்டவுடன் "இந்தியாவா?" என்று கேட்கிற வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும்.

இதை எழுத வைத்தது என் மகள். பதினொரு வயது. இரண்டு வருசமாக ஒரு லாப்ரடோர் குட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் வேலை செய்கிற உணவகத்தின் குசினியில் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். எங்களுக்கெல்லாம் மூத்தவரான சமையற்கார அண்ணை வெங்காயத்தை அரிந்தபடியே சொன்னார்: "தம்பி, எடுக்கிறதெண்டால் சாதி நாயாப் பாத்து எடும். காப்பகத்தில கிடக்கிற கண்ட நிண்ட நாயளை வீட்டுக்குள்ள ஏத்தாதையும்."

சாதி நாய். நானும் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த சொல்தான். அல்சேஷன், டோபர்மன், பொமரேனியன் எல்லாம் எங்கள் ஊரில் சாதி நாய். மற்றதெல்லாம் ஊர் நாய். அன்றைக்கு ஏனோ அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. யாழ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய், 2006இல் பாதை பூட்டப்பட்டதோடு இரண்டாம் வருசத்தில் நின்றுபோனவன் நான். படிப்பு முடியவில்லை, ஆனால் ஒன்றைக் கண்டால் அதன் அடி எங்கே என்று தேடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆகவே இந்தச் சாதி நாயின் சாதி எது என்று தேடிப் பார்த்தேன்.

*

நியூபவுண்ட்லாந்து கனடாவின் கிழக்கு முனை. 1949இல்தான் கனடாவோடு சேர்ந்தது. அதற்கு முன் அது பிரித்தானியாவின் பழைய குடியேற்றம். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே பாஸ்க்காரர், போர்த்துக்கேயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் கோடையில் அங்கே கப்பலில் வந்து கொட் மீன் பிடித்தார்கள். பிடித்ததை உப்புப் போட்டு, கரையில் தடிகளால் பரண் கட்டிக் காயவைத்து, ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். அதில் தரம் குறைந்தது கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாகப் போனது. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு கருவாட்டுத் தீவு. மயிலிட்டியோ மன்னாரோ தெரிந்தவர்களுக்கு அந்த மணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கப்பல்களில் நாய்களும் வந்தன. பல நாட்டு நாய்கள், பல அளவு, பல நிறம். அவை தீவில் ஒன்றோடொன்று கலந்து, மீன்பிடிகாரருக்கு உதவாதது கழிந்து, உதவுவது நிலைத்து, இரண்டு வகையாகத் திரண்டன. ஒன்று பெரிய உடம்பும் நீண்ட மயிரும் உள்ளது. அது இன்றைய நியூபவுண்ட்லாந்து நாய். மற்றது சிறியது, கட்டை மயிர், பெரும்பாலும் கறுப்பு, நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு. தீவின் தலைநகரான சென் ஜோன்ஸின் பெயரால் அதை சென் ஜோன்ஸ் நாய் என்றார்கள். (சென் ஜோன்ஸ் என்றதும் சுண்டிக்குளியில் இருக்கிற கல்லூரிதான் எனக்கும் ஞாபகம் வந்தது. அது வேறு.)

அந்த நாயின் வேலை கடலில். தூண்டிலிலிருந்து நழுவிய மீனை நீந்திப்போய்க் கவ்வி வரும். வலையின் மிதப்பைப் பிடித்து இழுக்கும். கயிற்றின் ஒரு நுனியை வாயில் கவ்விக்கொண்டு படகிலிருந்து கரைக்கு நீந்தும். எண்ணெய்ப்பிடிப்பான அடர்ந்த கட்டை மயிரில் தண்ணீர் நிற்காது, ஐஸ் ஒட்டாது. விரல்களுக்கிடையில் தோல். நீரில் திசை திருப்ப, அடி தடித்த வால். இன்றைக்கு லாப்ரடோரின் லட்சணம் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது எல்லாம் வடஅட்லாண்டிக் குளிர்நீரில் கூலி வேலை செய்த நாயின் உடம்பு.

இங்கிலாந்தின் தெற்குக் கரையில் பூல் என்று ஒரு துறைமுகம். நியூபவுண்ட்லாந்து மீன் வியாபாரத்தில் பெரிய இடம். கருவாட்டோடு மாலுமிகள் இந்த நாய்களையும் கொண்டுவந்து இறக்கினார்கள், விற்றார்கள். பக்கத்திலே மாம்ஸ்பெரிப் பிரபுவின் பண்ணை. சதுப்பும் ஆறும் உள்ள நிலம், தாரா வேட்டைக்குப் பேர்போன இடம். சுட்ட தாரா தண்ணீரில் விழும். அதை நசுக்காமல் கவ்விக் கொண்டுவர ஒரு நாய் தேவை. மீனை நசுக்காமல் கவ்விப் பழகிய நாய் வாசலிலேயே வந்து இறங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் மாம்ஸ்பெரிப் பிரபு இவற்றை வாங்கி வளர்க்கத் தொடங்கினார். அவரது மகன் மூன்றாம் பிரபு, பிரித்தானியாவின் வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர், அதைத் தொடர்ந்தார். அதே காலத்தில் ஸ்கொட்லாந்தில் பக்லூ கோமகனின் குடும்பமும் தனியாக இதே நாய்களை இறக்கி வளர்த்தது. 1880களில் மாம்ஸ்பெரி தன்னிடமிருந்த நாய்களில் சிலவற்றைப் பக்லூ வீட்டுக்குக் கொடுத்தார். அதில் நெட், ஏவன் என்ற இரண்டு பெயர்கள் இன்றைக்கும் லாப்ரடோர்க்காரரின் வாயில் இருக்கின்றன. இன்றைய லாப்ரடோர்களின் வழி அந்த இரண்டு வீட்டு நாய்களுக்குப் போய்ச் சேருகிறது.

1887இல் மூன்றாம் மாம்ஸ்பெரி ஒரு கடிதத்தில், தாங்கள் இவற்றை எப்போதும் லாப்ரடோர் நாய் என்றே அழைப்பதாகவும், பூலில் வாங்கிய முதல் நாயிலிருந்து இயன்றவரை கலப்பில்லாமல் காத்துவந்ததாகவும் எழுதினார். இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தேன். எல்லாக் கப்பலின் நாயும் கலந்து பிறந்த ஒரு நாய். ஒரு பிரபு அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து அது "கலப்பில்லாதது". அதற்கு முந்தின இருநூறு முந்நூறு வருசக் கலப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கு எழுதத் தொடங்கிய நாள்தான் சுத்தத்தின் முதல் நாள்.

எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் இது கடற்கரைச் சனத்தின் நாய். யாருடைய வீட்டில் செம்பில் தண்ணி கொடுக்கமாட்டோம் என்று இருந்தோமோ அந்தத் தொழில் செய்தவர்களின் நாய். அதைத்தான் இன்றைக்கு நாங்கள் சாதி நாய் என்று மூவாயிரம் டொலர் கொடுத்து வாங்குகிறோம்.

*

பிரபு வீட்டில் இது பெருகிக்கொண்டிருக்கையில் பிறந்த தீவில் என்ன நடந்தது?

1780இலேயே நியூபவுண்ட்லாந்தின் ஆளுநர் எட்வேர்ட்ஸ் ஒரு வீட்டுக்கு ஒரு நாய் என்று கட்டுப்பாடு போட்டார். மீன்பிடித் தீவில் ஆடு வளர்ப்பை ஊக்கப்படுத்த வேண்டும், நாய் ஆட்டைக் கடிக்கிறது என்பது காரணம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1885இல், செம்மறி பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. நாய்க்கு அனுமதி, வரி, சில பகுதிகளில் முழுத் தடை. பெட்டை நாய்க்கு வரி கூட. ஏழை மீன்பிடிகாரர் என்ன செய்வார்? பெட்டைக் குட்டிகளைக் கொன்றார். பெட்டை இல்லாமல் ஒரு வகை எத்தனை காலம் நிற்கும்?

மற்றப் பக்கம், 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பிரித்தானியா விசர்நாய்க் கடிக்குப் பயந்து, வெளியிலிருந்து வருகிற நாய்களைத் தடுத்து மாதக்கணக்கில் தனிமைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. கப்பலில் நாய் வருவது ஏறக்குறைய நின்றது. பிறந்த ஊரில் வரி, போகிற ஊரில் வாசல் பூட்டு. எங்களுக்குப் பழக்கமான கதை.

அப்படியும் தீவின் தெற்குக் கரையில், தெருவே போகாத சில மீன்பிடிக் கிராமங்களில் சென் ஜோன்ஸ் நாய் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் வோல்ரர்ஸ், லாப்ரடோரின் வரலாற்றை எழுதத் தேடிப் போனபோது, கிராண்ட் புருயிட் என்ற கிராமத்தில் அந்த வகையின் கடைசி நாய்களைக் கண்டு படம் எடுத்தார். இரண்டும் கிழட்டு ஆண் நாய்கள். அவற்றோடு அந்த வகை முடிந்தது. 1992இல் கொட் மீன் வற்றிப்போய் அரசு மீன்பிடியையே நிறுத்தியது. 2010இல் கிராண்ட் புருயிட்டின் சனமும் வாக்களித்து ஊரை விட்டு இடம்பெயர்ந்தது. நாய் போய், மீன் போய், கடைசியில் ஊரும் போனது. புலம்பெயர்ந்த கிளை மட்டும் உலகம் முழுக்கப் பெருகி நிற்கிறது. அமெரிக்காவில் 1991 முதல் 2021 வரை முப்பத்தொரு வருசம் அதிகம் பதிவான நாய் லாப்ரடோர்தான். 2022இல்தான் பிரெஞ்சு புல்டோக் அதை முந்தியது.

*

அதே நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி வேறு சிலர் வந்து சேர்ந்தார்கள். 155 தமிழர்கள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில். மேற்கு ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போனது. சென் மேரிஸ் குடாவுக்கு அப்பால், பனிப்புகாருக்குள் மிதந்துகொண்டிருந்தவர்களை கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் முதலில் கண்டார். பிடித்த மீனைப் பார்க்காமல் ஆட்களை ஏற்றினார், மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். சென் ஜோன்ஸில் பல்கலைக்கழக மாணவர் விடுதியில் தங்கவைத்தார்கள். கடதாசி இல்லை, வந்த வழி பற்றி முதலில் சொன்னது சரியில்லை என்று கனடாவின் மற்றப் பக்கங்களில் பெரிய சத்தம் எழுந்தது. அரசு ஒரு வருச அனுமதி கொடுத்தது. அவர்கள் பெரும்பாலும் ரொறொன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போய் வேலை தேடினார்கள். இன்றைக்கு நான் நிற்கிற குசினிகளின் அத்திவாரத்தில் அவர்களும் இருக்கிறார்கள்.

நாயையும் மனிசரையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நான் சொல்ல வருவது கடதாசியைப் பற்றி. கடலில் மிதக்கிறவனைத் தூக்குகிற மீன்பிடிகாரன் கடதாசி கேட்பதில்லை. கடதாசி கேட்பது கரையில் இருக்கிறவன்.

*

நாய்க்குக் கடதாசி எப்போது வந்தது என்று பார்ப்போம். லண்டனில் கெனல் கிளப் 1873இல் தொடங்கியது. எந்த நாய் எந்த நாய்க்குப் பிறந்தது என்று பதிவேடு வைத்தது. 1903இல் லாப்ரடோரைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கச் சங்கம் 1917இல் ஏற்றது. கனடாவின் கெனல் கிளப் 1888இல் தொடங்கியது. தாயும் தகப்பனும் பதிவில் இருந்தால் குட்டியும் பதிவில். இல்லையென்றால் வெளியே. குறிப்புப் பார்த்துக் கலியாணம் பேசுகிற எங்களுக்கு இதில் புதிதாக விளங்க ஒன்றுமில்லை.

நிறத்திலும் இதே பிரச்சினை. முதலில் கறுப்புத்தான் லாப்ரடோர். கறுப்புத் தாய்க்கு மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ குட்டி பிறந்தால் பலர் அதைக் கழித்துவிடுவார்கள், கழிப்பது என்றால் கொல்லுவது. 1899இல் பிறந்த பென் ஒவ் ஹைட் என்ற நாய்தான் பதிவான முதல் மஞ்சள் லாப்ரடோர். இன்றைக்கு மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் லாப்ரடோர் என்றால் மஞ்சள் நாயின் படம்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். கடதாசியில் உபயோகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூடிய பதிவேட்டுக்குள் சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கலந்தால் நோயும் சேர்ந்து வரும். லாப்ரடோருக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்கிற நோய் உண்டு. முழங்கை மூட்டிலும் வரும். கண் விழித்திரை மெல்ல மெல்லக் கெட்டுக் குருடாகிற பரம்பரை நோய் உண்டு. கடுமையாக ஓடினால் பின்னங்கால் சோர்ந்து விழுகிற ஒன்றும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சோதனை இருக்கிறது. தாய் தகப்பனின் மூட்டை எக்ஸ்ரே எடுத்துத் தரம் போடலாம். மரபணுவைப் பார்க்கலாம். யாருக்கு யார் பிறந்தது என்ற பதிவு இருந்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. பதிவேட்டின் பெறுமதி அந்தளவுதான். அதில் நோய் தெரியும். மரியாதை தெரியாது.

பசியையும் சொல்ல மறக்கக்கூடாது. லாப்ரடோர் எதையும் தின்னும், எப்போதும் தின்னும். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடோருக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கிற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. இதே குறை பிளாட்-கோட்டட் ரிற்றீவர் நாய்க்கும் இருக்கிறது. இரண்டுக்கும் பொது மூதாதை சென் ஜோன்ஸ் நாய். குளிர்க்கடலில் வேலை செய்த நாய்க்கு அந்தப் பசி உதவியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். சோபாவில் படுக்கிற நாய்க்கு அது கொழுப்பு. பட்டினி கிடந்த சனம் வெளிநாடு வந்து சீனி வருத்தத்தில் விழுந்த மாதிரி.

*

இனி எங்கள் தேடல். ஆறு மாதம் போனது. நாய் தேடுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு உபயோகப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிறீடர். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டம். வயதான அம்மா. வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தாய் நாயைக் காட்டினார். இடுப்பு, முழங்கை, கண் சோதனை முடிவுகளைக் கோப்போடு வைத்தார். எட்டு வாரத்துக்கு முன் குட்டி தரமாட்டேன், எங்களால் வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் தன்னிடமே திருப்பித் தரவேண்டும் என்றார். எங்களிடம் அவர் கேட்ட கேள்விகள்தான் அதிகம். நல்ல பிறீடர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். குட்டிக்கு அடுத்த வருசம் வரைக்கும் வரிசை. விலை எங்கள் ஒரு மாத வாடகையை விட அதிகம்.

அடுத்தது இணையத்தில் விளம்பரம் போட்ட ஒருவர். கோப்பிக் கடை வாகனத் தரிப்பிடத்தில் சந்திக்கலாம் என்றார். பேப்பரோடு என்றால் 2800, பேப்பர் இல்லாமல் என்றால் 2000 என்றார். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாய் வேறு ஊரில் என்றார். மனுசி பக்கத்தில் நின்று "போனை வையுங்கோ" என்றா. பிறகுதான் சட்டத்தைப் பார்த்தேன். கனடாவில் விலங்கு வம்சாவளிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாயைக் கலப்பில்லாத வகை என்று சொல்லி விற்றால், விற்றவர் ஆறு மாதத்துக்குள் பதிவுப் பத்திரம் தரவேண்டும். பத்திரத்துக்குத் தனிக் காசு என்ற கதையே அதில் இல்லை. பேப்பரோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

இப்படியான விற்பனைக்குப் பின்னால் இருப்பது குட்டித் தொழிற்சாலைகள். கூட்டுக்குள் அடைத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் தாயைக் குட்டி போடவைத்து, பால்மறவாத குட்டியை விற்பது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து தரகர்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை விற்கமுடியாது. தாயோடு குட்டியைக் காட்டித்தான் விற்கவேண்டும். ஒன்ராறியோ சட்டசபையும் 2024இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. இரண்டு வருசத்தில் மூன்று தடவைக்கு மேல் ஒரு நாயைக் குட்டி போடவைக்கக்கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது.

மூன்றாவது, மீட்பு அமைப்புகள். கைவிடப்பட்ட நாய்களை எடுத்து, ஊசி போட்டு, புது வீடு தேடிக் கொடுப்பவர்கள். நல்ல சனம். ஆனால் ஒரு அமைப்பின் விண்ணப்பப் படிவம் நாலு பக்கம். சொந்த வீடா வாடகையா, வேலி உண்டா, வேலி எத்தனை அடி, நாய் தனியே எத்தனை மணித்தியாலம் இருக்கும், இரண்டு பேரின் சாட்சி, வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம். என் அகதிக் கேசுக்கே இவ்வளவு கேட்டார்களோ தெரியாது. இரவு வேலை, அடுக்குமாடி, வேலி இல்லை என்று எழுதினோம். ஒரு வரியில் மறுப்பு வந்தது. வேலி இல்லாத வீட்டில் நாயின் மேல் அன்பும் இருக்காது என்று யார் சொன்னது? பகலில் வீட்டில் நின்று இரண்டு தரம் பூங்காவுக்குக் கூட்டிப்போகக்கூடியவன் இரவு வேலைக்காரன்தான். இதைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு பெட்டி இல்லை.

ஊரிலிருந்து ஒரு தெருநாயை எடுப்பிக்கலாமோ என்றும் யோசித்தோம். அங்கே வாகனம் அடித்துக் காலில்லாமல் கிடக்கிற எத்தனை நாய்களை நல்ல மனிசர் பராமரிக்கிறார்கள். ஆனால் 2022 செப்ரெம்பர் 28 முதல், விசர்நாய்க் கடி ஆபத்து அதிகம் என்று கனடா பட்டியல் போட்ட நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்தெடுப்புக்கோ நாய் கொண்டுவரமுடியாது. இலங்கையும் இந்தியாவும் பட்டியலில் உண்டு. விசர் நோய்க்குப் பயப்படுவதில் பிழை சொல்ல ஏலாது. அது வந்தால் பிழைப்பில்லை. ஆனாலும் நூற்று இருபது வருசத்துக்கு முன் நியூபவுண்ட்லாந்து நாய்க்குப் பூட்டிய அதே கதவு இது.

*

ஊர் நாய் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் இந்தியாவிலும் இலங்கையிலும் தெருவில் கண்ட நாய்க்கு ஆங்கிலத்தில் "பறையா நாய்" என்று பெயர் வைத்தான். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். தமிழிலிருந்து உலகத்து மொழிகளுக்குப் போன சொற்களில் கட்டுமரமும் மிளகுதண்ணியும் பற்றிப் பெருமைப்படுகிற நாங்கள், இந்தச் சொல்லைப் பற்றிப் பேசுவதில்லை. பறை அடித்த மனிசரின் பெயர் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கில அகராதியில் ஏறியது, பிறகு நாய்க்கும் போனது. வெள்ளைக்காரன் அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தெருவில் நாங்கள் மனிசரை நடத்தியதைப் பார்த்துப் படித்தான். "சாதி நாய்" என்ற சொல் அதே நாணயத்தின் மற்றப் பக்கம்.

எங்கள் வீட்டிலும் ஊர் நாய் ஒன்று நின்றது. யாழ்ப்பாணத்தில் பாதி நாய்களுக்கு இருக்கிற அதே பெயர், ஜிம்மி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. செம்மணி வெளியில் சனத்துக்கே கால் வைக்க இடமில்லை. மழை வேறு. வழி முழுக்க நாய்கள் தங்கள் ஆட்களைத் தேடி ஓடித் திரிந்தன. ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது வீடு நின்றது, ஜிம்மி இல்லை. காப்பகத்தில் கம்பிக்குப் பின்னால் நிற்கிற நாயைப் பார்த்து "இது யார் வீட்டில் என்ன பழக்கம் பழகிச்சோ" என்று சனம் சொல்லும்போது எனக்கு அந்த வெளிதான் ஞாபகம் வரும். ஆள் இல்லாமல் நிற்கிற எல்லா நாயும் பொல்லாத நாய் இல்லை. சிலதுக்கு வீடு கலைந்துபோயிருக்கும்.

*

கடைசியில் இரண்டாவது மீட்பு அமைப்பு ஒன்று படிவத்தோடு நிற்காமல் போனில் கதைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தது. நாலு வயதுக் கறுப்பு நாய் ஒன்றைத் தந்தது. கடதாசியில் "லாப் கலப்பு" என்று மட்டும் இருக்கிறது. குட்டிதான் வேண்டும் என்று நின்ற மகள் முதல் நாள் முகத்தை நீட்டினாள். "அப்பா, இது உண்மையான லாப்ரடோரா?" என்று கேட்டாள். உண்மையான லாப்ரடோரும் கலப்புத்தான் என்று இங்கே எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பாதிதான் கேட்டிருப்பாள். நாயின் நெஞ்சில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அது எதற்கும் ஆதாரமில்லை என்று வரலாறு படித்தவனுக்குத் தெரியும். ஆனாலும் நல்லாயிருக்கிறது.

பிறீடரிடம் போகிறவர்களை நான் பிழை சொல்லவில்லை. குட்டியிலிருந்து வளர்க்க ஆசை இருக்கும். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டவும் மற்ற வேலைகளுக்கும் குணம் தெரிந்த வழியில் வந்த நாய் தேவை. அப்படிப் போனால் தாயைப் பாருங்கள், மூட்டுச் சோதனையைக் கேளுங்கள், எட்டு வாரம் பொறுங்கள். காப்பகத்துக்குப் போனால் ஒரு மறுப்போடு சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் வேலைநேரத்தை உள்ளபடி சொல்லுங்கள், வளர்ந்த நாயையும் பாருங்கள். லாப்ரடோர் பத்துப் பன்னிரண்டு வருசம் வாழும். அவ்வளவு காலம் பசிக்குச் சாப்பாடும் நடக்க நேரமும் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

"சாதி நாய்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவோம். "இன நாய்" என்று சொல்லலாம் என்றால் எங்களுக்கு இனம் என்ற சொல்லும் சிக்கல்தான். "வகை" என்று சொன்னால் போதும். யாராவது "சாதி நாயோ?" என்று கேட்டால், "மீன்பிடிகாரரின் நாய்" என்று சொல்லுங்கள். அதுதான் வரலாற்றுப்படி சரியான பதில்.

இன்னொன்று. 1986இல் அந்தப் படகுகளில் வந்தவர்களோ, அந்த நாட்களில் சென் ஜோன்ஸ் விடுதியில் நின்றவர்களோ இதை வாசித்தால் ஒரு வரி எழுதுங்கள். கரையில், மீன்பிடிகாரரின் வீடுகளில், நெஞ்சில் வெள்ளைத் திட்டுள்ள கறுப்பு நாய் ஏதும் கண்டீர்களா? அப்போது அது அழிந்துவிட்டது என்றுதான் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் எங்கள் கதையையும் புத்தகங்கள் முழுக்கச் சொன்னதில்லையே.